பள்ளி விஞ்ஞானமும் இணையக் கருவிகளும்: ஆசிரியருக்கு எவை பயன்படும்?

விஞ்ஞானம் கற்பிப்பதற்குத் தொழில்நுட்பத்தைத் துணைக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம் நம் நாட்டில் இணையத்தோடு பிறந்ததன்று. 1975 ஆகஸ்ட் 1 முதல் 1976 ஜூலை 31 வரை ஓராண்டு நடைபெற்ற துணைக்கோள் கல்வித் தொலைக்காட்சிச் சோதனையின்போது, ஆந்திரப் பிரதேசம், பீகார், கர்நாடகம், மத்தியப் பிரதேசம், ஒரிஸ்ஸா, ராஜஸ்தான் ஆகிய ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 கிராமங்களுக்கு அமெரிக்காவின் ஏடிஎஸ்-6 துணைக்கோள் வழியாக நிகழ்ச்சிகள் சென்றடைந்தன. வேளாண்மை, சுகாதாரம் பற்றிய நிகழ்ச்சிகளே பலரது நினைவில் நிற்கின்றன. ஆனால் அதே ஏற்பாட்டைக் கொண்டு தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் ஏறத்தாழ 48,000 பேருக்கு, விஞ்ஞானம் கற்பிப்பதில் பன்னிரண்டு நாள் பயிற்சி இரு தவணைகளில் அளிக்கப்பட்டது என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

அப்பயிற்சியை வகுத்தவர்கள் தொலைக்காட்சிப் பெட்டியை மட்டும் நம்பி இருந்துவிடவில்லை. வானொலி நிகழ்ச்சி, அச்சிட்ட கையேடு, ஆசிரியர்களே கையால் செய்து பார்க்கும் சோதனைகள், உடனிருந்து ஐயம் தீர்க்கும் வழிகாட்டி ஆகிய எல்லாம் சேர்ந்ததாகவே அது அமைந்தது. கருவி ஒன்றை வாங்கி வைத்துவிட்டால் கல்வி தானே நடந்துவிடும் என்ற மயக்கம் அவர்களுக்கு இல்லை. பின்வந்த திட்டங்கள் சிலவற்றில் அந்தத் தெளிவு குறைந்து காணப்படுகிறது.

1984-85இல் தொடங்கிய பள்ளிக் கணிப்பொறித் திட்டம் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. பிரிட்டனில் உருவான பிபிசி மைக்ரோ கணிப்பொறிகள் முதற்கட்டமாகத் தெரிந்தெடுக்கப்பட்ட பள்ளிகளுக்கு அனுப்பப்பட்டன. கணிப்பொறியைப் பற்றி அறிவது வேறு. கணிப்பொறியைக் கொண்டு இயற்பியலையோ வேதியியலையோ அறிவது வேறு. முதலாவது ஓரளவு நடந்தது. இரண்டாவது வகுப்பறைப் பாடத்திட்டத்தோடு ஒட்டாமலே நின்றுவிட்டது. 2004 செப்டம்பர் 20 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட எஜுசாட் துணைக்கோள், கல்விக்கென்றே நாம் அனுப்பியது. அதன் பயனும் மாநிலத்திற்கு மாநிலம் வேறுபட்டது. தரையில் நிகழ்ச்சியைத் தயாரிக்கும் ஆசிரியர் குழு எங்கே வலுவாக இருந்ததோ, அங்கே வானத்துத் துணைக்கோளும் பயன் தந்தது.

பொருளாதார நோக்கில்

இணையத்தில் கிடைக்கும் பாடப்பொருளுக்கு ஒரு சிறப்பியல்பு உண்டு. பொருளியல் மாணவர்கள் இதை நன்கு அறிவர். ஒருவர் நுகர்வதால் மற்றவருக்குக் குறையாத பொருள் அது. ஒரு பாடத்தை உருவாக்க ஆகும் முதற்செலவு பெரிதாக இருக்கலாம். ஆனால் அதை மேலும் ஓர் ஆசிரியருக்கு அளிப்பதற்கான இறுதிநிலைச் செலவு ஏறக்குறையச் சுழியம். சோதனைக் குழாய் அப்படியன்று: ஒரு பள்ளியில் உடைந்தால் அந்தப் பள்ளிக்கு இன்னொன்று வாங்கியாக வேண்டும். ஆகவே, அரசோ பல்கலைக்கழகமோ ஒருமுறை செலவிட்டு உருவாக்கி, எவரும் இலவசமாகப் பயன்படுத்தும் உரிமத்தோடு வெளியிடுவது மிகச் சிக்கனமான முதலீடு என்பதில் ஐயமில்லை.

ஆனால் இக்கணக்கில் ஒரு செலவு விடுபட்டுப் போகிறது. அது ஆசிரியரின் நேரம். இணையத்தில் ஆயிரம் படங்கள் குவிந்திருந்தால், தம் வகுப்புக்கு ஏற்ற ஒன்றைத் தெரிந்தெடுக்க ஆசிரியர் மாலைப் பொழுது முழுவதையும் செலவிட நேரிடும். பொருள் பெருகப் பெருகத் தேடும் செலவும் பெருகுகிறது. பாடப்புத்தகத்தின் பக்கத்திலேயே அச்சிடப்படும் விரைவுக் குறியீட்டின் உண்மையான மதிப்பு இதில்தான் இருக்கிறது. 2017 செப்டம்பர் 5ஆம் நாள் ஆசிரியர் தினத்தன்று தொடங்கப்பெற்ற தீக்ஷா என்னும் தேசிய மேடை இம்முறையைப் பல மாநிலங்களில் பரப்பியது. தமிழ்நாட்டில் 2018இல் வெளிவந்த புதிய பாடநூல்களிலும் இக்குறியீடுகள் இடம்பெற்றன. ஆசிரியர் தேட வேண்டியதில்லை. ஒளிச்சேர்க்கைப் பாடத்தில் உள்ள குறியீட்டைத் திறன்பேசியால் காட்டினால், ஒளிச்சேர்க்கை பற்றிய படமே வந்து நிற்கிறது. தேடும் செலவை ஒரே இடத்தில், ஒரே முறை, பாடநூல் குழுவே ஏற்றுக்கொண்டுவிடுகிறது.

எதற்கு எந்தக் கருவி?

கருவிகளின் பட்டியல் நீளமானது. முழுமையும் கூறப்புகுந்தால் இக்கட்டுரை ஒரு விலைப்பட்டியல் போலாகிவிடும். ஆசிரியர் தமக்குத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய வினா ஒன்றே: நான் கற்பிக்க விரும்பும் நிகழ்ச்சியை வகுப்பறைக்குக் கொண்டுவர இயலுமா, இயலாதா?

இயலாதவை பல உள. மின்கம்பியினுள் ஓடும் எலக்ட்ரான்களைக் கண்ணால் காண முடியாது. வாயு மூலக்கூறுகள் கொள்கலத்தின் சுவரில் மோதுவதையும் காண முடியாது. இத்தகையவற்றுக்கு ஃபெட் எனப்படும் உருவகச் சோதனைகள் பெரிதும் உதவுகின்றன. 2001ஆம் ஆண்டு இயற்பியலுக்கான நோபெல் பரிசு பெற்றவர்களுள் ஒருவரான கார்ல் வீமன், 2002இல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய முயற்சி இது. மாணவர் திரையிலேயே மின்கலம், கம்பி, விளக்கு ஆகியவற்றை இணைத்து மின்சுற்று அமைக்கலாம். குறுக்குச்சுற்று ஏற்பட்டால் தீப்பற்றுவது போலவும் திரை காட்டும். தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகள் பலவற்றில் இவை மொழிபெயர்க்கப்பட்டுள்ளன. ஒருமுறை இறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாமலும் இயங்கும். கிராமப் பள்ளிக்கு இது சிறு வசதியன்று.

வானவியலுக்கு ஸ்டெல்லேரியம் என்ற இலவச மென்பொருள் உண்டு. சூரியன் உதிக்கும் இடம் ஆண்டு முழுவதும் வடக்கும் தெற்குமாக நகர்வதை நாற்பது நிமிட வகுப்பில் வேறு எவ்வழியில் காட்ட இயலும்? ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான செய்முறைப் பாடங்களுக்கு, அம்ருதா விஸ்வ வித்யாபீடமும் மும்பை சி-டாக் நிறுவனமும் இணைந்து உருவாக்கிய ஓலேப்ஸ் உள்ளது. ஆய்வுக்கூடத்துள் நுழைவதற்கு முன் செய்முறையை ஒத்திகை பார்ப்பதற்கு அது பொருத்தமானது.

ஒத்திகை என்ற சொல்லை வேண்டுமென்றே பயன்படுத்தினேன். கொண்டுவர இயலும் ஒன்றைத் திரையில் காட்டுவது கூடாது என்பது என் கருத்து. லிட்மஸ் தாள் எலுமிச்சைச் சாற்றில் சிவப்பாக மாறுவதைக் காண்பதற்குக் கணிப்பொறி எதற்கு? செம்பருத்திப் பூவின் சாறே போதும். ஊசலின் அலைவு நேரத்தை அளக்க ஒரு நூலும் கல்லும் கடிகாரமும் போதும். ஒரு மீட்டர் நீளமுள்ள ஊசல் இருபது முறை அலைய ஏறத்தாழ 40 விநாடி எடுக்கும். எட்டாம் வகுப்பு மாணவரே அளந்துவிடலாம். உருவகச் சோதனையில் இன்னுமோர் இடர்ப்பாடு உண்டு. அங்கே எல்லாம் சரியாகவே நடக்கும். வரைபடம் எப்போதும் நேர்கோடாகவே வரும். இயற்கை அவ்வாறு நடந்துகொள்வதில்லை. அளவீடுகள் சிதறும், கை நடுங்கும், காற்று வீசும். அந்தச் சிதறலைக் கண்டு, அதற்குக் காரணம் தேடுவதில்தான் விஞ்ஞான மனப்பான்மை தொடங்குகிறது.

ஒலியின் வேகம்: ஒரு வகுப்பு

திறன்பேசியை வெறும் திரையாகக் கருதாமல் அளவுகருவியாகக் கருதினால் நிலைமை மாறுகிறது. அதனுள் முடுக்கத்தை உணரும் கருவி உண்டு. பெரும்பாலானவற்றில் காந்தப்புலத்தையும் ஒளியையும் உணரும் கருவிகளும் உண்டு. ஒலிவாங்கி எல்லாவற்றிலும் உண்டு. ஜெர்மனியின் ஆகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2016இல் வெளியிட்ட ஃபைஃபாக்ஸ் என்ற இலவசச் செயலி, இவற்றை ஆய்வுக்கூடக் கருவிகளாக மாற்றித் தருகிறது. அதில் உள்ள ஒலி நிறுத்துகடிகாரம் ஓர் ஒலி கேட்டவுடன் ஓடத் தொடங்கும். அடுத்த ஒலி கேட்டவுடன் நின்றுவிடும்.

இதைக் கொண்டு ஒலியின் வேகத்தைக் காணும் முறையைச் சற்று விரிவாகக் கூறுவது பயனுடையதாகும். பள்ளி வராந்தாவில் சரியாகப் பத்து மீட்டர் இடைவெளியில் இரு மாணவர்களை நிறுத்துக. ஒவ்வொருவர் அருகிலும் ஒரு திறன்பேசி. முதல் மாணவர் இரு மரக்கட்டைகளைத் தட்டுகிறார். அவர் அருகிலுள்ள கடிகாரம் உடனே ஓடத் தொடங்குகிறது. தொலைவிலுள்ளது ஒலி சென்றடைந்த பிறகே தொடங்குகிறது. இரண்டொரு விநாடி கழித்து இரண்டாம் மாணவர் தட்டுகிறார். இப்போது அவர் அருகிலுள்ளது உடனே நிற்கிறது. முதல் மாணவரிடம் உள்ளது ஒலி வந்தடைந்த பிறகே நிற்கிறது. எனவே முதல் கடிகாரம் சற்று அதிக நேரத்தையும், இரண்டாவது சற்றுக் குறைந்த நேரத்தையும் காட்டும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு, ஒலி பத்து மீட்டரை இருமுறை, அதாவது இருபது மீட்டரைக் கடக்க எடுத்துக்கொண்ட நேரம். இருபதை அவ்வேறுபாட்டால் வகுத்தால் வேகம் கிடைத்துவிடும்.

இம்முறையின் அழகு என்னவெனில், இரண்டு கடிகாரங்களையும் ஒன்றோடொன்று ஒத்திசைக்கத் தேவையில்லை. இரண்டாம் மாணவர் எப்போது தட்டுகிறார் என்பதும் விடையைப் பாதிப்பதில்லை. வெப்பநிலை 30 பாகையாக இருக்கும் நாளில் ஒலியின் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 349 மீட்டர். எனவே வேறுபாடு ஒரு விநாடியில் ஆயிரத்தில் 57 பங்கு அளவுக்கு வரவேண்டும். மாணவர்களுக்கு முதல் முறை 310 கிடைக்கலாம். அடுத்த முறை 380 கிடைக்கலாம். ஏன்? கட்டை, திறன்பேசிக்கு ஓரடி தள்ளி இருந்ததா? அடுத்த வகுப்பின் இரைச்சல் கடிகாரத்தை முன்னதாக நிறுத்திவிட்டதா? நாடாவைக் கொண்டு அளந்த பத்து மீட்டர் சரியானதா? இருபது சென்டிமீட்டர் பிழை இருந்தாலும் விடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு பிழை வரும். பத்து முறை செய்து சராசரி காணும்போது, சராசரி என்ற கணிதக் கருத்து எதற்காக உள்ளது என்பதும் விளங்கிவிடுகிறது. 0 பாகையில் ஒலியின் வேகம் 331 மீட்டர் என்று மனப்பாடம் செய்த மாணவர், தம் அளவீடு அதைவிடக் கூடுதலாக வருவதைக் கண்டு வியப்படைவார். ஒரு பாகைக்கு ஏறத்தாழ 0.6 மீட்டர் கூடுகிறது என்பதை அப்போது சொன்னால் அது மறக்காது.

மின்னியலுக்கும் இதுபோன்ற உள்நாட்டுக் கருவி ஒன்று உண்டு. புதுதில்லியில் உள்ள பல்கலைக்கழகங்களுக்கிடையிலான முடுக்கி மையம், எக்ஸ்பைஸ் என்ற சிறு பெட்டியை உருவாக்கியுள்ளது. கணிப்பொறியோடு இணைத்தால் மாறும் மின்னழுத்தத்தை வரைபடமாகக் காட்டும். அதன் வரைபடமும் மென்பொருளும் எவரும் பயன்படுத்தத் தக்கவை. கம்பிச்சுருளின் ஊடாகக் காந்தம் ஒன்றை விழவிட்டால், தூண்டப்பட்ட மின்னழுத்தம் ஒருபுறமும் பிறகு மறுபுறமும் எழுவதைத் திரையில் காணலாம். இரண்டாவது முகடு முதலாவதைவிட உயரமாக இருக்கும்; விழும் காந்தத்தின் வேகம் கூடியிருப்பதே காரணம். பாடநூலில் படமாக இருந்த ஃபாரடேயின் விதி மாணவரின் கையில் நிகழ்கிறது. ஊசி அசையும் பழைய கால்வனாமீட்டரில் இந்த நுட்பம் புலப்படாது.

உயிரியலுக்கு ஃபோல்டுஸ்கோப். மீரட்டில் பிறந்து கான்பூர் ஐஐடியில் பயின்ற மனு பிரகாஷும் அவரது உடனுழைப்பாளரும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உருவாக்கி 2014இல் வெளியிட்ட காகித நுண்ணோக்கி இது. மூலப்பொருளின் செலவு ஒரு டாலருக்கும் குறைவாக இருக்குமாறு திட்டமிடப்பட்டது. குளத்து நீர்த்துளியை ஏறத்தாழ 140 மடங்கு பெரிதாக்கிக் காட்டும். திறன்பேசியை அதன்மேல் பொருத்திப் படமும் எடுக்கலாம். அறுபது மாணவருக்கு ஒரு நுண்ணோக்கி என்ற நிலையிலிருந்து, இருவருக்கு ஒன்று என்ற நிலைக்கு வருவதற்கு இது வழி செய்கிறது.

செலவே இல்லாத கருவிகளை நாடுவோர் அரவிந்த் குப்தாவின் இணையதளத்தைக் காணலாம். 1972இல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் பதினாறு பள்ளிகளில் தொடங்கிய விஞ்ஞானக் கல்வித் திட்டத்தில் தூண்டுதல் பெற்றவர் அவர். 2018இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். சைக்கிள் வால்வுக் குழாய், தீக்குச்சி, பழைய செய்தித்தாள் ஆகியவற்றால் செய்யும் பொம்மைகளைப் பல மொழிகளில் குறும்படங்களாக அவர் அளித்துள்ளார். இங்கே இணையம் செய்வது தகவலைக் கொண்டு சேர்ப்பது மட்டுமே. சோதனை நடப்பது மாணவரின் கையில். ஹோஷங்காபாத் திட்டம் 2002இல் மாநில அரசால் நிறுத்தப்பட்டது. எனினும் அது உருவாக்கிய அணுகுமுறை இணையத்தின் வழியே நாடெங்கும் பரவிவிட்டது ஒரு விந்தையே.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகளைப் பற்றியும் பலர் வினவுகின்றனர். வினாத்தாள் எழுதவும் கடினமான பத்தியை எளிய நடையில் மாற்றவும் அவை உதவும். ஆனால் தவறான விடையையும் சரியான விடையைப் போலவே உறுதியாகக் கூறும் இயல்பு அவற்றுக்கு உண்டு. பாடத்தை நன்கறிந்த ஆசிரியருக்கு அவை உதவியாளர், அறியாதவருக்கு ஆபத்து.

கேரளத்தின் அனுபவம்

2001இல் கேரளம் தொடங்கிய தகவல் தொழில்நுட்பப் பள்ளித் திட்டம், நிர்வாகத்தில் உள்ளோர் ஊன்றிக் கவனிக்கத் தக்கது. வெளியாரிடம் முழுவதையும் ஒப்படைக்காமல், பணியிலிருந்த ஆசிரியர்களையே தலைமைப் பயிற்சியாளர்களாக உருவாக்கினர். உரிமக் கட்டணம் இல்லாத கட்டற்ற மென்பொருளைத் தேர்ந்தனர். ஃபெட், ஜியோஜீப்ரா போன்ற கருவிகள் கணிப்பொறியிலேயே ஏற்றித் தரப்பட்டன. 2005இல் எஜுசாட் வழியாக விக்டர்ஸ் அலைவரிசை தொடங்கியது. கொரோனாப் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடிக்கிடந்த 2020 ஜூன் 1 அன்றே அம்மாநிலத்தால் தொலைக்காட்சி வகுப்புகளைத் தொடங்க முடிந்ததற்கு, பதினைந்து ஆண்டுகளாக நிகழ்ச்சி தயாரித்துப் பழகிய குழு இருந்தது ஒரு காரணம். பின்னர் 4,752 பள்ளிகளில் 45,000 வகுப்பறைகள் கருவி வசதி பெற்றன. 2018இல் மாணவர் மன்றங்கள் அமைத்து, கணிப்பொறிகளைப் பேணும் பணியில் மாணவர்களுக்கும் பங்களித்தனர். கருவி பழுதானால் நகரத்திலிருந்து ஆள் வரும்வரை காத்திருக்கும் நிலை இதனால் குறைகிறது.

கணக்கில் வராத செலவு

2024-25ஆம் ஆண்டுப் பள்ளிப் புள்ளிவிவரத்தின்படி, நாட்டில் 14.71 லட்சம் பள்ளிகளில் 93.6 சதவீதத்தில் மின்சாரமும், 64.7 சதவீதத்தில் கணிப்பொறி வசதியும், 63.5 சதவீதத்தில் இணைய வசதியும் உள்ளன. முந்தைய ஆண்டில் கணிப்பொறி 57.2 சதவீதம், இணையம் 53.9 சதவீதம். வளர்ச்சி விரைவானதுதான். இருப்பினும் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட பள்ளிகளில் இணையம் இல்லை என்பதையும் இதே எண்கள் சொல்கின்றன. ஆகவே இணையம் இல்லாமலும் இயங்கும் கருவிகளுக்கு முதலிடம் தருவதே தக்கது. வட்டார வள மையத்தில் ஒருவர் ஆண்டுத் தொடக்கத்தில் பாடவாரியாகத் தெரிந்தெடுத்து, ஒரு சேமிப்புக் கருவியில் பதிந்து, பள்ளிதோறும் அளித்தாலே போதும்.

சமக்ர சிக்ஷா திட்டத்தில் கணிப்பொறி ஆய்வுக்கூடம் ஒன்றுக்கு ஒருமுறை மானியமாக 6.40 லட்சம் ரூபாய் வரையிலும், தொடர் மானியமாக ஆண்டுக்கு 2.40 லட்சம் ரூபாய் வரையிலும் ஐந்தாண்டுகளுக்கு வகை செய்யப்பட்டது. ஐந்தாண்டுத் தொடர்செலவு 12 லட்சம். மூலதனச் செலவைப்போல ஏறத்தாழ இரு மடங்கு. கருவியை வாங்குவதைவிட இயக்குவதே பெருஞ்செலவு என்பதைத் திட்டம் வகுத்தவர்கள் உணர்ந்திருந்தனர் என்பது இதிலிருந்து புலனாகும். ஆறாம் ஆண்டில் என்ன ஆகும் என்பதே கேள்வி. மின்கட்டணமும் பழுதுபார்க்கும் செலவும் அப்போது மாநில வரவுசெலவுத் திட்டத்தில் தனித் தலைப்பாக இடம்பெறாவிட்டால், ஆய்வுக்கூடம் பூட்டப்பட்ட அறையாகிவிடும்.

பூட்டுக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஆய்வுக்குச் சென்ற பள்ளி ஒன்றில் கணிப்பொறிகள் உறையிட்டுத் தூசுபடாமல் இருந்தன. மாணவர் தொடுவதுண்டா என்று கேட்டதற்கு, தலைமையாசிரியர் இருப்புப் பதிவேட்டைக் காட்டினார். “பழுதானால் தணிக்கையில் நான் பதில் சொல்ல வேண்டும், ஐயா” என்றார். அவரைக் குறைகூற இயலாது. பயன்படுத்தித் தேய்ந்த கருவிக்கு விளக்கம் கேட்கும் விதி, பயன்படுத்தாமலே பழையதாகிவிட்ட கருவிக்கு விளக்கம் கேட்பதில்லை. நுண்ணோக்கிக் காகிதம், சோதனைக் குழாய், கம்பி, உணர்கருவி போன்ற சிறு பொருள்களை நுகர்பொருள் பட்டியலில் சேர்ப்பதும், ஆண்டுக்கு இவ்வளவு தேய்மானம் என வகுத்து, அந்த வரம்புக்குள் கழித்துவிடும் அதிகாரத்தைத் தலைமையாசிரியருக்கே அளிப்பதும் மாநிலக் கல்வித் துறை ஓர் ஆணையில் செய்துவிடக்கூடியவை. அதற்குப் புதிய நிதி ஒதுக்கீடு எதுவும் தேவையில்லை.